மெக்கென்சி என்ற பெயரை எப்படிப் படிப்பது, எப்படிச் சொல்வது, எப்படித் தேடுவது

ஸ்காட்லாந்தின் வடக்கே டிங்வால் என்றொரு சிறிய ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். நான் பார்த்துக்கொண்ட தளத்தில் ஐந்து மெக்கென்சிகள் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் உறவு கிடையாது. மருந்துத் தட்டோடு போய் "மிஸஸ் மெக்கென்சி" என்று கூப்பிட்டேன். ஜன்னலோரம் ஒருவர், கணப்பு பக்கத்தில் ஒருவர், இரண்டு பேரும் கை நீட்டினார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிறந்த தேதியைக் கேட்டு, படத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரில் வேலை பார்க்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஜன்னலோரத்துப் பாட்டி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள லூயிஸ் தீவில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக் அவருக்குத் தாய்மொழி. பள்ளிக்கூடம் போன பிறகுதான் ஆங்கிலம். அவரிடம் கேட்டதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கம் வேலைக்கு வருகிற நம் பிள்ளைகளுக்கும், வரலாறு படிக்கும்போதோ மொழிபெயர்க்கும்போதோ இந்தப் பெயர் எதிர்ப்படுகிறவர்களுக்கும் உதவும். மெக்கென்சியை ஒழுங்காகப் பிரிக்கத் தெரிந்தால் மற்ற ஸ்காட்டிஷ் பெயர்களில் பாதிக்கு வழி கிடைத்துவிடும்.

முதலில் பெயரைப் பிரியுங்கள்

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பொருள் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இது ஆங்கிலப் பெயரே இல்லை. கேலிக்கில் இதன் வடிவம் 'மக் கொஞ்ஞிஹ்'. 'மக்' என்றால் மகன். அடுத்த பாதி 'கொஞ்ஞஹ்' என்ற ஆண் பெயர். 'அழகு', 'இனிமை' என்ற பொருளுள்ள ஒரு பழைய சொல்லிலிருந்து வந்தது. ஆக, மெக்கென்சி என்றால் 'அழகன் மகன்'. நம் ஊர் அழகப்பன் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, அதே மனசுதான்.

'கொஞ்ஞஹ்' ஏன் 'கொஞ்ஞிஹ்' ஆனது என்று நானும் கேட்டேன். 'மரம்' என்ற சொல் உருபு ஏற்கும்போது 'மரத்தின்' என்று மாறுகிறதல்லவா, அதே மாதிரி 'இன்னாருடைய' என்று சொல்ல வரும்போது அந்தப் பெயரின் கடைசி அசை மாறுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அகராதியில் தேடினால் பெயர் அகப்படாது. பெயரைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுத்தான் தேட வேண்டும்.

கொஞ்ஞஹ் என்ற பெயர் அயர்லாந்திலும் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஐரிஷ் புனிதருக்கு இந்தப் பெயர். அங்குள்ள கில்கெனி நகரத்தின் பெயருக்கே அந்தப் புனிதருடைய கோயில் என்றுதான் பொருள்.

இங்கே ஒரு குழப்பம் வரும், கவனமாக இருங்கள். ஆங்கிலத்தில் கொஞ்ஞஹ் என்ற பெயரைக் 'கென்னத்' என்று எழுதுவார்கள். 'கினேத்' என்ற இன்னொரு பழைய பெயரையும் அதே கென்னத் என்றுதான் எழுதுவார்கள். 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட கென்னத் மக் ஆல்ப்பின் என்ற அரசருடைய பெயர் இரண்டாவது வகை. அதனால் "மெக்கென்சி என்றால் கென்னத் மகன்" என்று எங்காவது படித்து, அந்த அரசரோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அயர்லாந்தின் மொனகன் பக்கத்து மெக்கென்னா என்ற பெயர்தான் கினேத்தின் வழி வந்தது. காதுக்கு மெக்கென்சி மாதிரியே கேட்கும், ஆனால் வேர் வேறு.

பழகிப் பார்க்க நமக்கெல்லாம் தெரிந்த பெயர் இரண்டு சொல்கிறேன். மெக்டொனால்ட் என்றால் டோனல் என்பவரின் மகன்; டோனல் என்ற பெயருக்கு 'உலகை ஆள்பவன்' என்று பொருள். மெக்கின்டோஷ் என்றால் தலைவன் மகன். 1823இல் மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை வாங்கிய சார்ல்ஸ் மெக்கின்டோஷ் கிளாஸ்கோக்காரர். தொழில் பெயரும் இப்படியே வரும்: மெக்கின்டயர் தச்சன் மகன், மெக்கவன் கொல்லன் மகன், மெக்டாகர்ட் பாதிரியார் மகன்.

அந்த இசட் எழுத்து

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கேலிக்கில் 'கொஞ்ஞிஹ்' என்று இருக்கிற பெயருக்குள் இசட் எப்படி வந்தது? கேலிக் எழுத்துகளில் இசட்டே கிடையாதே!

ஸ்காட்லாந்தில் கேலிக் தவிர ஸ்காட்ஸ் என்று ஆங்கிலத்துக்கு நெருங்கிய இன்னொரு மொழியும் உண்டு. அதன் பழைய எழுத்தில் 'யோஹ்' என்றொரு எழுத்து இருந்தது. பார்ப்பதற்கு 3 என்ற எண்ணைக் கோட்டுக்குக் கீழே இறக்கி, வால் விட்டது போல இருக்கும். 'ய' ஒலிக்கு அதை எழுதுவார்கள். 'ன்' எழுத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து நம்முடைய 'ஞ' மாதிரி ஒலிக்கும். மெக்கென்சி என்ற பெயரில் அந்த ஜோடிதான் இருந்தது. எழுதினவர்கள் மனதில் இருந்த ஒலி ஏறக்குறைய 'மக்கெஞ்ஞி'.

பிறகு அச்சு வந்தது. எடின்பரோவில் முதல் அச்சகம் 1508இல் புத்தகம் போட்டது. அச்சுக்கோப்பவர்கள் கையில் யோஹ் எழுத்துக்கு அச்சு இல்லை. கையெழுத்தில் அதைப் போலவே வாலோடு இருந்த இசட்டை எடுத்து வைத்தார்கள். அந்தக் காலத்து வாசகருக்கு இதனால் ஒரு சங்கடமும் இல்லை. கண் இசட்டைப் பார்த்தாலும் வாய் பழைய ஒலியைத்தான் சொன்னது. 17ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் பெரிய சட்ட அதிகாரியாக இருந்த சர் ஜார்ஜ் மெக்கென்சி தொடங்கிவைத்த வழக்கறிஞர் நூலகம்தான் 1925இல் தேசிய நூலகம் ஆனது. அவர் காலத்தில் அவருடைய பெயரை மக்கிங்கி என்பது போலச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்துப் படிக்கிற பழக்கம் பெருகப் பெருக, மெல்ல மெல்ல இசட் வாய்க்குள்ளும் புகுந்துவிட்டது.

பாட்டி இதைச் சொன்னபோது எனக்கு உடனே நம்முடைய ழகரம்தான் மனதில் ஓடியது. ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போடுகிறோம். நமக்குத் தெரியும், அது அடையாளம் மட்டும்தான். வேறு மொழிக்காரர் பார்த்தால் கனிமொழியை 'கனிமொசி' என்று படிக்கிறார். நாலு தலைமுறை அந்த எழுத்தை மட்டும் பார்த்து வளர்ந்தால் என்ன ஆகும்? மெக்கென்சிக்கு ஆனதுதான் ஆகும். இன்னொன்றும் தோன்றியது. அவர்கள் தொலைத்த ஒலியை எழுத நம்மிடம் ஒரு தனி எழுத்தே இருக்கிறது. ஒரு தாளில் 'மக்கெஞ்ஞி' என்று தமிழில் எழுதி, பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

இதே கதையுள்ள பெயர்கள் இன்னும் உண்டு. மென்சிஸ் என்று கண்ணுக்குத் தெரிகிற பெயரைப் பழைய வழக்கப்படி 'மிங்கிஸ்' என்பார்கள். சர் மென்சிஸ் கேம்பல் என்ற அரசியல்வாதியை எல்லோரும் 'மிங்' என்று கூப்பிட்டது அதனால்தான். டால்சியல் என்று எழுதியிருக்கும், 'டீ-எல்' என்று சொல்ல வேண்டும். ஏர்ஷயர் கடற்கரையில் உள்ள கோட்டையின் பெயரிலும் இசட் இருக்கிறது, வாயில் 'கலேன்'. இந்தப் பெயர்களில் பழைய ஒலி நின்றது. மெக்கென்சியில் நிற்கவில்லை.

அப்படியானால் இன்று எப்படிச் சொல்வது? இன்றைக்கு எல்லோரும் சொல்வது போலத்தான்: ம-கென்-ஸி. 'மக்' பகுதியை அழுத்தவே அழுத்தாதீர்கள், பட்டும் படாமல் தொட்டுவிட்டு 'கென்'னில் அழுத்தம் கொடுங்கள். நான் முதலில் 'மேக்' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். காது கொஞ்சம் மந்தமான பெரியவர்களுக்கு அது வேறு ஏதோ பெயர் மாதிரி கேட்டிருக்கிறது. பழைய ஒலி தெரியும் என்பதற்காக உயிரோடு இருக்கும் ஒருவரை மக்கெஞ்ஞி என்று கூப்பிடக் கூடாது. அவர் தன் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அதுதான் அவர் பெயர்.

எழுதும்போது

ஆங்கிலத்தில் 'மக்' மூன்று விதமாக வரும். எம்-ஏ-சி என்று முழுசாக, எம்-சி என்று சுருக்கமாக, பழைய அச்சில் எம்முக்குப் பக்கத்தில் ஒரு மேற்கோள் குறி மட்டும். மூன்றும் ஒன்றே. "ஏ இருந்தால் ஸ்காட்லாந்து, இல்லாவிட்டால் அயர்லாந்து" என்று நிறையப் பேர் உறுதியாகச் சொல்வார்கள். அது தவறு. இரண்டு நாட்டிலும் இரண்டும் உண்டு. நடுவில் 'கே' பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். படிவம் நிரப்பும்போது ஊகிக்காமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கேட்டால் சந்தோஷப்படுவார்கள். எங்கள் ஐந்து மெக்கென்சிகளில் மூன்று விதமான எழுத்து இருந்தது.

தமிழில் மெக்கன்சி, மெக்கென்சி, மக்கென்ஸி என்று எல்லாம் எழுதுகிறோம். இந்தப் பெயர் தமிழுக்கு அந்நியமில்லை. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் 1754இல் பிறந்த காலின் மெக்கன்சி, 1783இல் சென்னைக்கு வந்து, மைசூரை அளந்து, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். ஊர் ஊராகச் சுவடியும் கல்வெட்டுப் படியும் ஊர்க்கதையும் திரட்டினார். காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றவர்கள் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அந்தத் திரட்டில் ஒரு பெரும் பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. 'மெக்கன்சி சுவடிகள்' என்பது நிலைத்துவிட்ட வழக்கு, அவருக்கு அதையே எழுதுங்கள். மற்றவர்களுக்கு நான் 'மெக்கென்சி' என்று எழுதுகிறேன், அழுத்தம் விழும் 'கென்' தெரிவதால். எதை எடுத்தாலும் ஒரு கட்டுரைக்குள் மாற்றாதீர்கள்.

ஸ்டோர்னோவேக்காரர் இன்னொருவரும் உண்டு: கனடாவின் மெக்கென்சி ஆற்றுக்குப் பெயர் கொடுத்த அலெக்சாண்டர் மெக்கென்சி. 1789இல் அந்த ஆற்றோடு போய் ஆர்க்டிக் கடலைத் தொட்டவர். கனடாவின் இரண்டாவது பிரதமரும் ஒரு அலெக்சாண்டர் மெக்கென்சிதான், கல்தச்சராக இருந்தவர். பெயரை மட்டும் நம்பினால் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுவோம். பெயரோடு ஊரையும் ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடும்போது, அதிலும் பெண்களை

ஆங்கிலத்தில் ஆணும் பெண்ணும் மெக்கென்சிதான். கேலிக்கில் அப்படி இல்லை. பெண்ணுக்கு 'மக்' வராது, 'நிக்' வரும். 'மகனின் மகள்' என்ற தொடர் குறுகி நிக் ஆனது. எங்கள் பாட்டியின் கேலிக் பெயர் 'நிக் கொஞ்ஞிஹ்'. கேலிக்கில் எழுதும் கடிதத்திலோ வாழ்த்து அட்டையிலோ ஒரு பெண்ணுக்கு மக் போட்டால், 'அழகன் மகனே' என்று எழுதியதாகிவிடும். அயர்லாந்திலும் இதே பழக்கம் உண்டு. அங்கே 'ஓ' என்று தொடங்கும் பெயர்களில் ஓ என்றால் பெயரன், வழித்தோன்றல். மர்ஃபி என்ற பெயரின் மூலம் 'ஓ முரஹூ', கடல் வீரனின் பெயரன். பெண் என்றால் 'நீ' என்று தொடங்கும்.

முதல் பெயர்களையும் கவனியுங்கள். கென்னத்தினா, மர்டினா, டொனால்டினா, ஹியூகினா என்று எங்கள் பதிவேட்டில் பார்த்தபோது புரியவில்லை. தாத்தாவின் பெயரையோ அப்பாவின் பெயரையோ பெண் குழந்தைக்கு வைக்க ஆசைப்பட்டு, பின்னால் 'இனா' சேர்த்திருக்கிறார்கள். ஹைலேண்ட்ஸ் என்கிற வடக்கு மலைப்பகுதியில் இது பரவலான வழக்கம். பையன்களுக்கும் ஒரு முறை இருந்தது: மூத்தவனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த பெண்ணுக்கு அம்மாவின் அம்மா பெயர். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பாட்டியிடம் சொன்னேன். "உங்களிடமும் அப்படியா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே ஊரில் இத்தனை மெக்கென்சி, அதிலும் ஒரே முதல் பெயர் என்றால் எப்படி அடையாளம் சொல்வார்கள்? குடும்பப்பெயரை விட்டுவிடுவார்கள். இன்னாருடைய மகன், அவர் இன்னாருடைய மகன் என்று அடுக்கிச் சொல்வார்கள். லூயிஸில் ஒரு பிள்ளையிடம் "உன் பெயர் என்ன" என்பதற்கு முன்னால் "கோ லேஷ் ஊ" என்று கேட்பார்களாம். 'நீ யாருடையவன்' என்று அர்த்தம். நம் ஊரில் "நீ யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்பதேதான். பாட்டி என்னிடமும் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. இங்கே எல்லோரும் என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டபோது முதல் சில மாதங்கள் மனசு ஒப்பவில்லை. மெக்கென்சியும் ஒரு காலத்தில் அதுதான் என்று தெரிந்த பிறகு அந்த உறுத்தல் போய்விட்டது. ஒரு தலைமுறையில் மட்டும் 'கொஞ்ஞஹ் மகன்' என்று இருந்தது, பேரனுக்கு மாறாமல் அப்படியே உறைந்துவிட்டது. நம்மிடம் தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வேலையிடத்தில் என்ன செய்வது? முதல் சந்திப்பில் மிஸ்டர், மிஸஸ் போட்டுக் குடும்பப்பெயர். "எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும்" என்று உடனே கேளுங்கள். பெரும்பாலும் முதல் பெயரைச் சொல்வார்கள். வெறும் 'மக்' என்று கூப்பிடாதீர்கள். மருந்து, கோப்பு, இரத்த மாதிரி என்றால் முழுப் பெயர், பிறந்த தேதி, நோயாளி எண் மூன்றும் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பமா?

இல்லை. கின்டெய்ல் தொடங்கி ராஸ் பகுதி முழுக்க மெக்கென்சி குலத் தலைவர்களின் நிலமாக இருந்தது. லூயிஸ் தீவு 1610இல் அவர்கள் கைக்கு வந்தது. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள், பாதுகாப்புத் தேடி வந்தவர்கள் எனப் பலர் தலைவரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதனால் எங்கள் ஐந்து பேருக்கும் பொதுப் பாட்டன் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. குலத்தின் சின்னம் மான் தலை, எரியும் மலை. வாசகம் 'ஒளிர்கிறேன், எரிப்பதில்லை'. எனக்கு இது மிகவும் பிடிக்கும். மான் தலையை டிங்வாலில் தினமும் பார்க்கலாம், ராஸ் கவுன்டி கால்பந்து அணியின் சட்டையிலேயே இருக்கிறது. குலத் தலைவரின் கோட்டையான காசில் லியட் பக்கத்து ஊரான ஸ்ட்ராத்பெஃபரில்தான்.

ஆவணங்களில் தேடும்போது

ஸ்காட்லாந்து அரசின் பதிவேடுகளை 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' என்ற தளத்தில் தேடலாம். பெயர்ப் பட்டியலில் தேடக் கட்டணமில்லை, பதிவின் படத்தைப் பார்க்கத்தான் காசு. பட்டியலில் பொறுமையாக வடிகட்டிவிட்டுப் பிறகு பணம் செலவழியுங்கள்.

எழுத்து விஷயத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். எம்முக்கும் சிக்கும் நடுவே நட்சத்திரக் குறி போட்டால் ஏ இருக்கிற பெயரும் இல்லாத பெயரும் சேர்ந்து வரும். கடைசியில் 'ஐ-ஈ'க்குப் பதில் 'ஒய்' போட்டும் பாருங்கள். கேலிக் மட்டும் பேசியவர் வாயால் சொல்ல, ஆங்கிலம் மட்டும் தெரிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை நிறைய.

1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்தது. அந்த முதல் ஆண்டின் பதிவுகளில் விவரம் மிக அதிகம். உங்களுக்கு வேண்டியவர் அந்த ஆண்டில் அகப்பட்டால் பெரிய அதிர்ஷ்டம். அதற்கு முந்தையது திருச்சபைப் பதிவேடுகளில். தீவுகளில் பல ஊர்களில் அது தாமதமாகத்தான் தொடங்கியது, விட்டுப்போனதும் உண்டு. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் பெயரோடு கிடைக்கும்.

பெண்களைத் தேடும்போது ஸ்காட்லாந்து மற்ற இடங்களைவிட நமக்கு அனுகூலம். இங்கே கல்யாணத்துக்குப் பிறகும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் சட்டப்படி கூடவே இருந்தது. இறப்புப் பட்டியலில் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடலாம், கணவர் பெயரிலும் தேடலாம். இறந்தவரின் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் பதிவில் இருக்கும். கல்லறைக் கற்களிலும் அப்படியே: பெண்ணின் பெயர், அவள் பிறந்த வீட்டுப் பெயர், 'இன்னாரின் மனைவி'. ஒரு கல்லில் மெக்கென்சி, ராஸ் என்று இரண்டு பெயர் கண்டால் இரண்டு குடும்பம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள், கணவனும் மனைவியுமாக இருக்கும்.

எங்கள் பாட்டி போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் விரும்பியபடி லூயிஸுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மகள் கல்லின் படத்தை எனக்கு அனுப்பினார். ஆங்கிலத்தில் கணவரின் குடும்பப்பெயர் முதல் வரியில் இருக்கிறது. அதற்குக் கீழே, கேலிக்கில், நிக் கொஞ்ஞிஹ்.